அண்மையில் கண்ட மூன்று படங்கள்

திரைப்படம் பார்ப்பதே காலக்கேடு என்று கூறும் ஆசிரியர் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். பார்த்துவிட்டு, 'நன்று', 'நன்றன்று' என்னும் இரண்டே சொற்களோடு எழுந்து வருவதுதான் காலக்கேடு. அண்மையில் நான் கண்டு மகிழ்ந்த படங்களுள் மூன்றைப் பற்றி இங்கே சொல்ல விழைகிறேன்.

முதலாவது 'கூழாங்கல்'. வினோத்ராஜ் என்னும் இளைஞர் இயக்கிய முதற்படம் இது. 2021ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டு ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதற்பரிசாகிய புலி விருதைப் பெற்றது. குடிவெறி கொண்ட தந்தை ஒருவன், வகுப்பில் அமர்ந்திருக்கும் மகனை வெளியே அழைத்துக்கொண்டு, பிறந்தகம் சென்றுவிட்ட மனைவியைத் தேடிப் போகிறான். அவளோ அதற்குள் தன் வீடு திரும்பிவிட்டாள். தந்தையும் மகனும் கொளுத்தும் வெயிலில் நடந்தே திரும்புகின்றனர். கதை இவ்வளவே, படமும் ஒன்றேகால் மணி நேரந்தான்.

அவர்கள் நடக்கும் தொலைவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். நம் திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில், பேச்சுத் துணையோடு, இடையிடையே நீர்மோர் அருந்திச் சுற்றி வந்த கால்களுக்கு அத்தொலைவு தெரியும். அதையே உச்சிப் பொழுதில், நிழலற்ற நிலத்தில், சினங்கொண்ட ஒருவனுக்கு முன்னும் பின்னுமாக ஒரு சிறுவன் கடப்பதை எண்ணிப் பாருங்கள். இதனை இயக்குநர் உரையாடலால் உணர்த்தவில்லை. ஒளிப்பதிவுக் கருவியை வெகு தொலைவில் நிறுத்துகிறார். விரிந்த பொட்டல் நடுவே மனிதர் இருவரும் எறும்பெனத் தோன்றுகின்றனர். பிறகு கருவி நெருங்கி வருகிறது. பையன் கூழாங்கல் ஒன்றை வாயில் போட்டு ஊறும் எச்சிலால் தாகத்தை ஏமாற்றுகிறான். வீடு சேர்ந்ததும் அக்கல்லை ஒரு கற்குவியலோடு சேர்த்து வைக்கிறான். இத்தகைய நடை அவனுக்குப் புதிதன்று என்பதை அக்குவியலே சொல்லிவிடுகிறது. பிரிவைப் பாலைக்கு உரிப்பொருளாக வைத்த நம் முன்னோர் இப்படத்தைக் கண்டிருந்தால் திணை கூறத் தயங்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது அதே இயக்குநரின் 'கொட்டுக்காளி'. 2024இல் பெர்லின் விழாவில் காட்டப்பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் திரையரங்குகளுக்கு வந்தது. பின்னணி இசையே இல்லாத படம். இசை என்பது பல வேளைகளில், 'இங்கே அழு, இங்கே அஞ்சு' என்று நமக்கு ஆணையிடும் கருவி. அஃது இல்லாதபோது ஆட்டோவின் இரைச்சலும், காலில் கயிறு கட்டிய சேவலின் படபடப்பும் செவியில் ஓங்கி விழுகின்றன. அவற்றினும் ஓங்கி விழுவது ஒரு பெண்ணின் மௌனம். கல்லூரியில் பயின்ற அவளுக்கு மாமனை மணக்க விருப்பமில்லை, வேறொருவரை விரும்புகிறாள். அதைப் பேய்க்குற்றம் எனக் கருதிச் சுற்றத்தார் அவளை ஒரு சாமியாடியிடம் அழைத்துச் செல்கின்றனர். முடிவை இயக்குநர் கூறவில்லை. இதனால் மனக்குறை கொண்டோர் உண்டு. எனக்கோ, முடிவு கூறாமையே அப்படத்தின் நேர்மையாகத் தோன்றிற்று.

மூன்றாவது, அதே நாளில் வெளிவந்த மாரி செல்வராஜின் 'வாழை'. நன்கு படிக்கும் சிறுவன் சிவனணைந்தான். விடுமுறை நாள்களில் சேற்றில் இறங்கி வாழைத்தார் சுமக்கிறான். ரஜினியா கமலா என்று தோழனோடு அவன் இடும் பூசலைக் கண்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் கேட்ட பூசல் ஆயிற்றே! இசையை அடக்கிய படத்திற்கு இது நேர்மாறானது. பாட்டும் உணர்ச்சியும் பெருகி வருகின்றன. சிற்சில இடங்களில் அப்பெருக்கு மிகை என்றே சொல்வேன். ஆயினும் இறுதிப் பகுதியின் முன் அக்குறை நிற்காது.

தார் சுமக்கச் செல்ல வேண்டிய ஒரு நாளில், பள்ளி விழாவுக்கான ஆட்டப் பயிற்சியை விரும்பிச் சிவனணைந்தான் பள்ளிக்கு ஓடிவிடுகிறான். வாகன வாடகையை மிச்சப்படுத்த எண்ணிய வணிகர் தரப்பு, தொழிலாளரைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே அமர்த்தி அனுப்புகிறது. லாரி கவிழ்கிறது. பள்ளிக்கு வந்த பிள்ளை பிழைத்துக்கொண்டான். வீடு திரும்புகிறான், அங்கே ஒப்பாரி எழுகிறது. காலையிலிருந்து உண்ணாத சிறுவன். துயரம் இன்னதென்று முழுதும் விளங்குமுன் அவன் கை சோற்றுப் பானையை நாடுகிறது.

கூழாங்கல்லின் பையனும் இவனும் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இருக்கக்கூடியவர்கள். அங்கே அவர்கள் பெயருக்கு நேரே ஒரு சிறு குறி மட்டுமே இருக்கும்.