கடைசி அரை மணிக்குப் பால் மிச்சம் இருக்கட்டும்!

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துவிட்டு, கைக்குழந்தையோடு தனியாக சிங்கப்பூர், துபாய் என்று விமானம் ஏறும் பெண்கள் எங்கள் திருச்சிப் பக்கம் நிறைய. பெட்டி கட்டும்போதே ஒரே கவலை, "குழந்தை அழுதா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களே!" உடனே வீட்டில் யாராவது, "கொஞ்சம் சளி மருந்து குடுத்துடு, இறங்குற வரைக்கும் தூங்கும்" என்பார்கள். தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள் சகோதரிகளே. தூக்கம் வரவழைக்கும் மருந்து பச்சைக் குழந்தையின் மூச்சையே பாதிக்கலாம். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக இருக்கிற தூக்கமும் போய்விடும்.

விமானம் இறங்கும்போதுதான் பல குழந்தைகள் வீறிடும். காரணம் காது. விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். அதாவது கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அங்கிருந்து பஸ்ஸில் மலை இறங்கினாலே நமக்குக் காது அடைக்கிறது இல்லையா? விமானம் அந்த இறக்கத்தை ஏறக்குறைய அரை மணியில் முடித்துவிடுகிறது. நாம் எச்சில் விழுங்கி, கொட்டாவி விட்டுச் சமாளிப்போம். குழந்தைக்குக் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ரொம்பக் குறுகல். வேண்டுமென்று விழுங்கவும் தெரியாது. பால் குடித்தால்தான் விழுங்கும், காது திறக்கும்.

ஏறினதுமே வயிறு முட்டக் கொடுத்துவிட்டால், இறங்கும்போது வாயையே திறக்காது. திருச்சி - சிங்கப்பூர் சுமார் 4 மணி நேரம். அதைக் கணக்குப் பண்ணி, கடைசி அரை மணிக்குப் பசி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். "இறங்க ஆரம்பிக்கிறப்ப சொல்லுங்கம்மா" என்று பணிப்பெண்ணிடம் முன்பே சொல்லி வையுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. அதனால் தூங்கினாலும் எழுப்பிக் கொடுப்பதுதான் என் கட்சி. தாய்ப்பாலோ பாட்டிலோ, எதுவானாலும் சரி. ஒரு வயதுக் குழந்தைக்கு மடக்கு மடக்காகத் தண்ணீர் போதும்.

பக்கத்து சீட்காரர் முகம் சுளிக்கிறாரா? சுளிக்கட்டும்! இறங்கின பிறகு அவர் யாரோ, நாம் யாரோ.

குழந்தைக்குச் சளியோ காதுவலியோ இருந்தால் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் குழந்தைக்கான பாலை அனுமதிப்பார்கள், சிலசமயம் திறந்து பார்ப்பார்கள். நீண்ட பயணம் என்றால் தொட்டில் கிடைக்கும் சீட்டை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், எண்ணிக்கை குறைவு. பெல்ட் விளக்கு எரிந்தால் மட்டும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

- ஒரு வாசகி, திருச்சி