தக்கவைப்பு நேர மாற்றம்

நீர்ம நிறப்பகுப்பியலில், ஒரு சேர்மம் கருவியினுள் செலுத்தப்பட்டது முதல் அதன் முகட்டின் உச்சி உணரியில் பதிவாகும் வரை கழியும் காலம் தக்கவைப்பு நேரம் எனப்படும். ஒரே மாதிரியை ஒரே முறையில் மீண்டும் பகுத்தாயும்போது இந்நேரம் முன்னரோ பின்னரோ நகர்வது தக்கவைப்பு நேர மாற்றம் ஆகும். மருந்து, உணவு, நீர் முதலியவற்றின் ஆய்வில் சேர்மங்கள் பெரும்பாலும் இந்நேரத்தைக் கொண்டே அடையாளம் காணப்படுகின்றன. எனவே முகடு நகர்ந்தால், இருக்கும் பொருள் இல்லை என்றோ, ஒரு பொருள் மற்றொன்று என்றோ தவறாக முடிவு செய்ய நேரிடலாம்.

வெற்று நேரமும் தக்கவைப்புக் காரணியும்

நிலையான நிலைமையில் தங்காத ஒரு பொருள் வெளிவர எடுக்கும் காலம் வெற்று நேரம் ஆகும். எதிர்நிலை முறையில் இதனை அளக்க யுராசில் பயன்படுகிறது. தக்கவைப்பு நேரத்திலிருந்து வெற்று நேரத்தைக் கழித்து, வெற்று நேரத்தால் வகுத்தால் தக்கவைப்புக் காரணி கிடைக்கும். வெற்று நேரம் 1.6 நிமிடம், தக்கவைப்பு நேரம் 8 நிமிடம் எனில் காரணி 4 ஆகும்.

நகரும் நிலைமையின் இயைபு மாறாத முறையில், பாய்வு வீதம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இவ்விரு நேரங்களும் ஏறத்தாழ 1.78, 8.89 நிமிடங்களாக நீளும். காரணியோ 4 ஆகவே இருக்கும். வெற்று நேரம் மாறாமல் காரணி மட்டும் மாறினால், பழுது வேதியியல் சார்ந்தது.

காரணங்கள்

* பாய்வு வீதம்: கசிவு, எக்கியில் காற்றுக்குமிழி, பழுதான ஒருவழி வால்வு ஆகியவற்றால் பாய்வு குறையும். அழுத்தமும் உடன் குறைவது இதற்கு அறிகுறி.
* கரைப்பான் இயைபு: எதிர்நிலை முறையில் கரிமக் கரைப்பானின் அளவு 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தால், காரணி ஏறத்தாழ மூன்று மடங்காகலாம். முன்கூட்டியே கலந்து வைத்த கரைசலிலிருந்து மெத்தனால் ஆவியாவதாலும் முகடுகள் தாமதமாகும்.
* வெப்பநிலை: 1 பாகை செல்சியசு உயர்ந்தால் காரணி பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு குறையும்.
* பிஎச் மதிப்பு: பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு ஏறத்தாழ 4.2. நகரும் நிலைமையின் பிஎச் இதற்கு அருகில் இருந்தால், சிறு பிழையும் அதன் முகட்டைப் பெரிதும் நகர்த்தும். அயனியாகாத சேர்மங்கள் அவ்வாறு நகர்வதில்லை.
* பிரிகைக் குழாய்: போதிய அளவு சமநிலைப்படுத்தாத குழாயிலும், பிணைப்புப் படலம் சிதைந்த பழைய குழாயிலும் நேரம் படிப்படியாக நகரும்.

கண்டறியும் முறை

முதலில் எல்லா முகடுகளும் ஒரே விகிதத்தில் நகர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். அவ்வாறாயின், உணரியிலிருந்து வெளிவரும் நீர்மத்தை 10 மில்லிலீட்டர் அளவுக்குடுவையில் சேகரிக்கலாம். நிமிடத்திற்கு 1 மில்லிலீட்டர் பாய்வில் அது சரியாக 10 நிமிடத்தில் நிரம்ப வேண்டும். சில முகடுகள் மட்டும் நகர்ந்திருந்தால், நகரும் நிலைமையைப் புதிதாகத் தயாரித்துச் சோதிக்க வேண்டும். அதன் பின்னரும் பழுது நீடித்தால் வெப்பநிலையையும், இறுதியாகக் குழாயையும் ஆராயலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். பலவற்றைச் சேர்த்து மாற்றினால் பழுது நீங்கினாலும் அதன் காரணம் தெரியாது.