தண்ணீரைப் படிக்கும் படிப்பு

தண்ணீர் கலங்கி இருந்தால் நமக்குத் தெரியும். நாற்றம் அடித்தால் தெரியும். உப்புக் கரித்தால் உடனே துப்பி விடுவோம். ஆனால் ஒரு தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. நாற்றம் இல்லை. குடிக்கவும் நன்றாக இருக்கிறது. அதில் நஞ்சு இருக்க முடியுமா?

முடியும். மேற்கு வங்க மாநிலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்றும் பல ஊர்களில் இருக்கிறது.

அந்த நஞ்சின் பெயர் ஆர்சனிக். வெள்ளைப் பாஷாணம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் இருப்பது இதுதான்.

வங்காளத்தில் முன்பு மக்கள் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் வந்தன. குழந்தைகள் இறந்தன. அதனால் ஊர் ஊராக அடிகுழாய் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டார்கள். வீட்டு வாசலிலேயே தெளிந்த நீர் வந்தது. பெண்களுக்குக் குடம் சுமக்கும் வேலை குறைந்தது.

ஆனால் மண்ணுக்கு அடியில் இன்னொரு கதை இருந்தது. இமயமலையிலிருந்து ஆறுகள் வண்டல் மண்ணைக் கொண்டு வருகின்றன. அந்த மண்ணில் இரும்பு இருக்கிறது. இரும்போடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக்கும் இருக்கிறது. பூமிக்கு அடியில் காற்று இல்லாத இடத்தில், நுண்ணுயிர்களின் வேலையால் இரும்பு கரைகிறது. அப்போது ஆர்சனிக்கும் விடுபட்டுத் தண்ணீரில் கலக்கிறது. இதை யாரும் கொட்டவில்லை. எந்த ஆலையும் விடவில்லை.

1983-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கே.சி. சாகா என்ற தோல் மருத்துவரிடம் நோயாளிகள் வந்தார்கள். உடம்பில் கரும்புள்ளிகள் இருந்தன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரப்பாக இருந்தன. இது ஆர்சனிக் நஞ்சு என்று அவர் கண்டறிந்தார். இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. பல ஆண்டுகள் குடித்த பிறகே தோலில் தெரியும். சிலருக்குப் பின்னால் புற்றுநோயும் வரும். விவரம் தெரியாத ஊர்களில் இதைத் தொழுநோய் என்று எண்ணி ஆட்களை ஒதுக்கி வைத்தார்கள். பெண்களுக்குக் கல்யாணம் தடைப்பட்டது. நோயின் துன்பம் போதாது என்று இது வேறு.

மருத்துவர் உடம்பைப் பார்த்தார். தண்ணீரைப் பார்ப்பது யார்? எந்தக் குழாயில் எவ்வளவு நஞ்சு என்று சொல்வது யார்? அதற்கென்று படித்தவர்கள் வேண்டும். கல்கத்தாவில் உள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் திபங்கர் சக்ரவர்த்தி என்ற பேராசிரியர் இருந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் 1988-ஆம் ஆண்டு முதல் ஊர் ஊராகப் போனார்கள். புட்டிகளில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். மக்களின் தலைமுடியையும் நகத்தையும் வாங்கி வந்து சோதித்தார்கள். உடம்புக்குள் போன ஆர்சனிக் முடியிலும் நகத்திலும் தங்கும். 20 ஆண்டுகளில் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழாய் நீரைச் சோதித்தார்கள். அதில் ஏறக்குறைய பாதியில் ஆர்சனிக் அளவுக்கு மேல் இருந்தது.

என்ன படிப்பு இது?

இந்த வேலைக்கு வழி காட்டும் படிப்புகளில் ஒன்று சுற்றுச்சூழல் அறிவியல். 12-ஆம் வகுப்பில் அறிவியல் பாடம் எடுத்தவர்கள் சேரலாம். பி.எஸ்சி. என்றால் 3 ஆண்டுகள். மேலே எம்.எஸ்சி. 2 ஆண்டுகள். காற்று, நீர், மண், செடி, உயிர்கள் எல்லாம் இதில் பாடம். சிலர் இதில் வேதியியல் பக்கம் போகிறார்கள். எந்தப் பொருளில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. இதற்குப் பகுப்பாய்வு என்று பெயர்.

முதலில் கற்றுக் கொள்வது என்ன தெரியுமா? புட்டி கழுவுவது! சிரிக்க வேண்டாம். ஆர்சனிக்கை அளக்கும் புட்டியை அமிலம் விட்டுக் கழுவ வேண்டும். பிறகு சுத்த நீரில் பல தடவை அலச வேண்டும். புட்டியில் ஒட்டியிருக்கும் அழுக்கு கணக்கில் சேர்ந்தால் எல்லாம் தப்பாகி விடும்.

தண்ணீர் எடுப்பதிலும் முறை இருக்கிறது. குழாயைச் சில நிமிடம் அடித்து, தேங்கிய நீரை வெளியே விட வேண்டும். பிறகுதான் பிடிக்க வேண்டும். பிடித்ததும் சில சொட்டு அமிலம் விட வேண்டும். ஏன்? அடிகுழாய் நீரைக் குடத்தில் வைத்தால் சில ஊர்களில் மஞ்சளாகத் துரு படியும். பார்த்திருப்பீர்கள். அந்தத் துரு படியும்போது ஆர்சனிக்கையும் பிடித்துக்கொண்டு அடியில் போய்விடும். மேல் நீரை எடுத்துச் சோதித்தால் நஞ்சு குறைவாகக் காட்டும். கெட்ட குழாய்க்கு நல்ல பெயர் கிடைத்து விடும். அமிலம் விட்டால் துரு படியாது. பிறகு புட்டியில் ஊர், குழாய், தேதி, நேரம் எல்லாம் எழுத வேண்டும். பெயர் எழுதாத புட்டி எதற்கும் உதவாது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? உலக சுகாதார நிறுவனம் 1993-இல் ஓர் அளவு சொன்னது. ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராம். அதற்கு மேல் கூடாது. இந்தச் சொல் புரியாது. இப்படிப் பாருங்கள். 10 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 10 வரிசையாக நிற்கின்றன. அத்தனை நீரிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் ஆர்சனிக். அதுதான் எல்லை. தங்கம் வாங்கியவர்களுக்கு ஒரு கிராம் எவ்வளவு சிறியது என்று தெரியும்.

இவ்வளவு சிறியதை எப்படி அளப்பது? தராசில் எடைக்கல் வைத்துக் காய்கறி நிறுப்பது போலத்தான். மாணவர் முதலில் தாமே அளந்து ஆர்சனிக் கலந்த சில கரைசல்களைச் செய்கிறார். இதில் இவ்வளவு, அதில் அவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அவைதான் எடைக்கற்கள். ஒரு கருவிக்குள் ஒவ்வொன்றாகச் செலுத்துகிறார். கருவியில் ஒரு விளக்கு இருக்கிறது. அதன் ஒளியை ஆர்சனிக் அணுக்கள் உறிஞ்சுகின்றன. ஆர்சனிக் கூடினால் உறிஞ்சுவதும் கூடும். பிறகு ஊர்த் தண்ணீரைச் செலுத்துகிறார். எந்த எடைக்கல்லுக்குச் சமம் என்று பார்க்கிறார். கூடவே ஆர்சனிக் இல்லாத சுத்த நீரையும் செலுத்த வேண்டும். அதில் கருவி நஞ்சு காட்டினால் எங்கோ தவறு என்று பொருள். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் படிப்பு ஒத்து வராது. அமிலத்தோடு வேலை. கவனம் தவறினால் கை வெந்து விடும்.

ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பதும் ஒரு பாடம். மீன் வாழ அது வேண்டும். நீரில் மருந்துகளை விட்டால் முதலில் பழுப்பு நிறம் வரும். கடைசியில் கஞ்சிப் பசையைச் சேர்த்தால் நீல நிறம் வரும். இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். எத்தனை சொட்டு போனதோ அதை வைத்துக் கணக்குப் போடலாம். சாக்கடை கலந்த ஆற்று நீரில் நீலம் சீக்கிரம் மறைந்து விடும். அங்கே ஆக்சிஜன் குறைவு.

கணக்கு சட்டத்துக்கும் வேண்டும்

1974-இல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆலைக் கழிவு நீரை அதிகாரி சோதனைக்கு எடுக்கும்போது ஆலைக்காரரிடம் சொல்லி எடுக்க வேண்டும். அவர் முன்னால் இரண்டு பாகமாகப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் முத்திரை வைக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முறைப்படி எடுக்காத நீரின் முடிவை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. ஆகவே புட்டியில் எழுதும் தேதியும் கையெழுத்தும் சும்மா இல்லை. ஒரு வழக்கே அதில் நிற்கலாம்.

படித்தவர்களுக்கு வேலை எங்கே? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வகம், குடிநீர் ஆய்வகம், ஆலைகள், தனியார் ஆய்வகங்கள். பட்டம் வாங்கிய அன்றே வேலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வேலைக்குப் போட்டி உண்டு. மகளையோ மகனையோ சேர்க்க நினைப்பவர்கள், அந்தக் கல்லூரியில் ஆய்வகம் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கருவியைத் தொடாமல் புத்தகத்தில் மட்டும் படித்தால் இந்தப் படிப்பு பாதிதான்.

வங்காளத்துக்குத் திரும்புவோம். ஒரு வீட்டுக் குழாயில் நஞ்சு இருக்கும். பக்கத்து வீட்டுக் குழாயில் இருக்காது. ஆழம் மாறினாலும் மாறும். எனவே ஒரு குழாயைப் பார்த்து ஊருக்கே சொல்ல முடியாது. ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். பக்கத்து நாடான வங்காளதேசத்தில் அப்படியே செய்தார்கள். ஏறக்குறைய 50 லட்சம் குழாய்களைச் சோதித்தார்கள். நஞ்சு இருந்தால் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி குழாயில் வண்ணம் பூசினார்கள். 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின.

கொதிக்க வைத்தால் போகாதா என்று கேட்பீர்கள். போகாது. தண்ணீர் ஆவியாகும். ஆர்சனிக் பாத்திரத்திலேயே தங்கும். கொதிக்கக் கொதிக்க அதன் அளவு கூடும். கிருமியைக் கொல்லத்தான் கொதிக்க வைக்கிறோம். இது கிருமி அல்ல.

50 லட்சம் குழாய்களையும் பெரிய கருவியிலா சோதித்தார்கள்? இல்லை. அதற்குச் சிறு பெட்டி இருக்கிறது. புட்டியில் நீரை விட்டு மருந்தைப் போட வேண்டும். மூடியில் வெள்ளைக் காகிதத் துண்டு இருக்கும். ஆர்சனிக் இருந்தால் காகிதம் மஞ்சளாகும். நிறைய இருந்தால் பழுப்பாகும். இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். வரும் வாயு கெட்டது. எல்லைக்கு அருகில் இருக்கும் நீரில் இந்தப் பெட்டி ஏமாற்றலாம். அப்போது ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இந்தியாவில் 2019-இல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியது. கிராமத்துக்கு 5 பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அவர்கள் கையில் பட்டம் தேவையில்லை. நிற அட்டையைப் பார்த்து, எண்ணை வாசித்து, நோட்டில் தேதி போட்டு எழுதத் தெரிய வேண்டும். உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார்? ஊராட்சி அலுவலகத்தில் கேட்கலாம். கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று நோட்டைக் காட்டச் சொல்லியும் கேட்கலாம்.