எட்டுக்கு எட்டு நானோமீட்டர்

அந்த வாட்ஸப் வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். நீண்ட குழாய் ஒன்றின் மேல் இரண்டு குச்சிக்கால்கள் டக்... டக்... என்று எட்டு வைக்கின்றன. உச்சியில் பிரம்மாண்டமான ஓர் உருண்டை. கீழே, ‘மகிழ்ச்சி என்பது இதுதான்! மயோசின் புரதம் எண்டார்ஃபினை மூளைக்குள் இழுத்துப் போகிறது’ என்று ஒரு வரி.

அத்தனையும் தப்பு! நடப்பது மயோசின் இல்லை, கைனசின். உருண்டை எண்டார்ஃபின் இல்லை, சரக்கு ஏற்றிய சவ்வுப் பை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது எந்த மைக்ரோஸ்கோப்பிலும் பிடித்த வீடியோவும் இல்லை. அனிமேஷன். வாருங்கள், திரைக்குப் பின்னால் போவோம், அங்கேதான் கூத்து.

2006. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லூ, அலென் வியெல் இருவரும் உயிரியல் மாணவர்களுக்காக செல்லுக்குள் ஒரு சுற்றுலா காட்ட ஆசைப்பட்டார்கள். படமாக்கிக் கொடுத்தது டேவிட் பொலின்ஸ்கியின் எக்ஸ்விவோ நிறுவனம். ‘தி இன்னர் லைஃப் ஆஃப் த செல்’ பிறந்தது. கதாநாயகன், ரத்தக் குழாயில் உருண்டு வரும் வெள்ளையணு. கைனசினுக்குச் சில விநாடி வந்துபோகும் வேடம்தான். கடைசியில் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது யார் பாருங்கள்!

சரி, அந்தக் கால்களை முதலில் யார் கண்டது? இங்கே கணவாய் மீன் உள்ளே வருகிறது. 1983-ல் ரான் வேல், ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவர். மைக்கேல் ஷீட்ஸுடன் சேர்ந்து, நரம்புக்குள் சரக்கு எப்படி நகர்கிறது என்று பார்க்கத் துடித்தார். கணவாயின் ராட்சத நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் தடிமன்வரைகூட இருக்கும். இதற்கென்றே செய்துவைத்ததுபோல் வசதி. ஆனால் அந்த வருஷம் எல் நினோ! கலிஃபோர்னியக் கடல் சூடாகி, கணவாய் தலைகாட்டவில்லை. மூட்டை முடிச்சோடு அமெரிக்காவின் மறுகரைக்கு, வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இழுப்பது மயோசினாகத்தான் இருக்கும் என்பதே அவர்களுடைய முதல் ஊகமும். நம் வாட்ஸப்காரரும் ஸ்டான்ஃபோர்டு ஆட்களும் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள்! அவர்கள் சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1985-ல் கைனசின் என்ற பெயரோடு கட்டுரை வந்தது. இதே ரான் வேல் 2006-ல் தொடங்கியதுதான் ‘ஐபயாலஜி’. கண்டுபிடித்தவர்களே வந்து பாடம் எடுக்கும் காணொளிகள், காலணா செலவில்லாமல்.

இப்போது மேக்கப் அறை. கைனசின் ஓர் எட்டுக்கு 8 நானோமீட்டர் நகரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. இத்தனை பொடிசான பொருளுக்கு நாம் நினைக்கிற அர்த்தத்தில் நிறம் ஏது? திரையில் மின்னும் வண்ணமெல்லாம் ஓவியரின் கைவரிசை. யூட்டா பல்கலைக்கழகத்தின் ஜேனட் இவாசா இந்தக் கலையில் கெட்டிக்காரர். செல் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஹாலிவுட்டின் நோமன் பள்ளியில் அனிமேஷன் கற்கப் போனவர். படத்தில் டைனோசரை ஓடவிடும் அதே ‘மாயா’ மென்பொருளில் இவர் புரதங்களை ஓடவிடுகிறார்!

ஆனால் ஹார்வர்டு படத்தில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. செல்லுக்குள் அவ்வளவு காலியிடம் கிடையவே கிடையாது. தண்ணீரும் புரதங்களும் இடைவிடாமல் மோதித் தள்ளுகிற இடம் அது. நிஜக் கைனசின் ஒய்யாரமாக நடப்பதில்லை. பங்குனி உத்திரத்தன்று காவடியோடு பழனிப் படியேறுகிறவர் படும் பாடுதான் அதற்கும். அதிலும் நொடிக்கு நூறு எட்டு வைக்கும் வேகம். ஏறக்குறைய நூறு எட்டில் குழாயிலிருந்து கழன்றே போய்விடும்! இந்தக் காலியிட ஏமாற்றைச் சரிசெய்ய ஹார்வர்டு குழுவே 2014-ல் ‘புரோட்டீன் பேக்கிங்’ என்று இன்னொரு படம் எடுத்தது. அதில் கைனசினின் கால் தடுமாறுகிறது, துழாவுகிறது, எப்படியோ பிடித்துக்கொள்கிறது. எனக்கு இந்தக் கைனசின் மேல்தான் பிரியம்.

பிள்ளைகள் குழம்பிவிடுவார்களே என்கிறீர்களா? டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஜோடி ஜென்கின்சனும் ஹார்வர்டின் கேயல் மெக்கிலும் 131 மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரே நிகழ்ச்சி, நான்கு அனிமேஷன், ஒன்றைவிட ஒன்று சிக்கல். நன்றாகப் புரியவைத்தது எது தெரியுமா? இருப்பதிலேயே சிக்கலானது! ஆகவே ஆசிரியர்களே, 2006 படத்தையும் 2014 படத்தையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். ‘முதல் படத்தில் எதையெல்லாம் ஒளித்துவிட்டார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு தானாகக் களைகட்டும்.

அடுத்து, ஒப்பனை இல்லாத கைனசின் வேண்டுமா? புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்துக்குப் போங்கள். 1971-ல் ஏழே ஏழு மூலக்கூறு வடிவங்களோடு ஆரம்பித்த கிடங்கு. இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல், எல்லாம் இலவசம். தேடும் பெட்டியில் 3, கே, ஐ, என் என்று நான்கே எழுத்து. எலி மூளைக் கைனசின் இரண்டு தலைகளோடு திரையில் வந்து நிற்கும். (ஆமாம், நாம் கால் என்பதை ஆராய்ச்சியாளர்கள் தலை என்கிறார்கள்!) மவுஸால் பிடித்துச் சுழற்றுங்கள். ஒவ்வொரு தலையிலும் ஒரு பள்ளத்தில் குட்டியாக ஒன்று செருகியிருக்கும்: ஏடிபி (ATP) என்ற எரிபொருள் எரிந்து மிஞ்சிய ஏடிபி (ADP). எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் முன்னதில் பாஸ்பேட் மூன்று, பின்னதில் இரண்டு, எண்ணியே பார்த்துவிடலாம். முன்னால் ஊன்றிய தலையில் அந்த மூன்று பாஸ்பேட்காரர் வந்து உட்கார்ந்ததும், பின்னால் இருக்கும் தலை 16 நானோமீட்டர் பாய்ந்து முன்னே விழும், சரக்கோடு மொத்தக் கைனசினும் நகர்வது அதில் பாதி, அதே 8. ஒரு மூலக்கூறு எரிபொருள், ஓர் எட்டு!