பலகையில் உள்ள பெயரும் பட்டத்தின் மதிப்பும்

தமிழகத்திலிருந்து ஐதராபாத்தில் குடியேறும் குடும்பங்களுக்கு முதலில் வியப்பளிப்பது 'காலேஜ்' என்னும் சொல். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இங்கே காலேஜுக்குப் போகிறான். தெலங்கானாவில் 'இன்டர்மீடியட்' எனப்படும் இரண்டாண்டுப் படிப்பு ஜூனியர் காலேஜில் நடைபெறுவதே காரணம். அது நமது மேனிலைப் பள்ளிக்கு நிகரானதே அன்றிப் பட்டம் தரும் கல்லூரி அன்று.

சொற்கள் இடத்துக்கு இடம் பொருள் மாறுவது புதிதன்று. 'கழகம்' என்பது திருக்குறளில் சூதாடும் இடம். கம்பராமாயணத்தில் கல்வி பயிலும் இடம். பல்கலைக்கழகத்தை நம் முன்னோர் 'சர்வகலாசாலை' என்றனர். தெலுங்கிலோ 'கலாசாலை' என்றால் கல்லூரி, பல்கலைக்கழகம் 'விசுவவித்யாலயம்'. 1918-இல் உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு பிறந்த உஸ்மானியா, அம்மொழியில் 'ஜாமியா'.

ஆயினும் சேர்க்கைக் காலத்தில் நாம் கவனிக்க வேண்டியது அகராதிப் பொருளை அன்று, சட்டப் பொருளை.

சட்டம் தரும் பெயர்

நாடாளுமன்றச் சட்டத்தால் அமைவது மத்தியப் பல்கலைக்கழகம். 1974-இல் தொடங்கிய ஐதராபாத் பல்கலைக்கழகமும், 1998-இல் தோன்றிய மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகமும் இவ்வகையின. சட்டமன்றம் இயற்றும் சட்டத்தால் அமைவது மாநிலப் பல்கலைக்கழகம், உஸ்மானியா இவ்வகை. நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் 1982-இல் இந்நகரிலேயே உருவாயிற்று. அதுவே இன்றைய டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் பரிந்துரையின்பேரில் மத்திய அரசு அறிவிப்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். ஒரே நிறுவனம் வகை மாறுவதும் உண்டு. 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது 1973-இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. 2007-இல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

ஓரெழுத்து வேறுபாடும் உண்டு. 2008-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. ஐதராபாத், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். 1998-இல் தொடங்கிய ஐ.ஐ.ஐ.டி. ஐதராபாத், நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இரண்டும் புகழ்பெற்றவையே, ஆனால் சேர்க்கை முறையும் கட்டணமும் வேறு.

கல்லூரியிலும் வகைகள்

பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துவது உறுப்புக் கல்லூரி. தனி நிர்வாகத்தில் இயங்கி, பாடத்திட்டத்துக்கும் தேர்வுக்கும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருப்பது இணைப்புக் கல்லூரி. 1887-இல் நிறுவப்பெற்ற நிஜாம் கல்லூரி இவ்விரு நிலைகளையும் கண்டது. நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருந்து, 1947-இல் உஸ்மானியாவின் உறுப்புக் கல்லூரியாயிற்று.

தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும். தேர்வையும் தானே நடத்தும். எனினும் பட்டம் வழங்குவது அது இணைந்துள்ள பல்கலைக்கழகமே. 'தன்னாட்சி' என்பதைப் 'பல்கலைக்கழகம்' எனக் கொள்ளலாகாது.

பணம் கட்டுமுன்

1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலை அறிவிப்புப் பெற்றவையும், நாடாளுமன்றம் தனி அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். 'அகாடமி', 'இன்ஸ்டிடியூட்', 'இன்டர்நேஷனல்' போன்ற சொற்கள் எவ்வளவு கம்பீரமாக ஒலித்தாலும் அவற்றால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. அங்கீகாரமற்ற இடத்தில் பெற்ற சான்றிதழ் அரசுப் பணிக்கும் மேற்படிப்புக்கும் உதவாது. செலுத்திய கட்டணம் திரும்பினாலும், பிள்ளையின் ஆண்டுகள் திரும்பா.

ஆகவே, முன்பணம் செலுத்துமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம்:

• சான்றிதழில் பட்டம் வழங்குவோராக அச்சிடப்படும் பெயர் எது?

• அந்தப் பெயர் மானியக் குழுவின் இணையதளப் பட்டியலில் உள்ளதா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அக்குழு வெளியிடுகிறது.

• சேரவிருக்கும் குறிப்பிட்ட படிப்புக்கு, குறிப்பாகத் தொலைநிலைக் கல்வியாயின், நடப்பு ஆண்டில் ஒப்புதல் உண்டா?

கல்விக் கடன் கோரும்போது வங்கியும் இவற்றையே ஆராய்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பிணையமும் உத்தரவாதமும் இன்றிக் கடன் பெறலாம்; ஆனால் அது தேர்ந்தெடுக்கப்பட்ட தரமான நிறுவனங்களில் சேர்வோர்க்கு மட்டுமே உரியது. எனவே சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்தவுடன், கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, அருகிலுள்ள கிளையை அணுகுவது நலம்.