வாசற்படி உயரம்

சின்னமனூரில் தபால்காரனாக சைக்கிள் மிதித்து ரிட்டயர் ஆனவன் நான். மாதம் பிறந்து முதியோர் பென்ஷன் மணியார்டரோடு தெருவுக்குள் நுழைந்தால், மணிச் சத்தத்துக்கே திண்ணையில் ஆள் வந்து உட்கார்ந்திருக்கும். கைநாட்டுக்கு விரலைப் பிடித்து மையில் ஒற்றுவேன். நாற்று நட்டு நட்டு ரேகை தேய்ந்த விரல்கள்.

ஒரே தெருவில் இரண்டு அக்காமார். இருவருக்கும் மூட்டுத் தேய்மானம், கிட்டத்தட்ட ஒரே வயசு. ஒருத்திக்குத் தரையோடு தரையாகத் திண்ணை. வீட்டில் மருமகளும் பேரப்பிள்ளைகளும். இன்றைக்கும் வாசலில் கீரைக்கட்டு விற்கிறாள். அடுத்தவளுக்கு மூன்று உயரப் படி, பிடிக்க ஒன்றுமில்லை. மகள் விடியும் முன்னே ஜீப்பேறி கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். கக்கூஸ் படிக்குக் கீழே. "தண்ணி குடிச்சா எறங்கணும்ல தம்பி" என்று சொம்பைத் தள்ளி வைத்தாள். முட்டி கெடுத்தது பாதி. படியும் ஆளில்லாத பகலும் கெடுத்தது மீதி. உடம்பின் குறையும் சுற்றுப்புறமும் சேர்ந்துதான் ஊனம் என்று உலக சுகாதார நிறுவனம் 2001இல் வகைப்படுத்தியதாம். எங்கள் தெருவுக்கு அது முன்னமே தெரியும்.

1962இல் 20 ரூபாயில் தொடங்கிய பென்ஷன், 2011இல் 1,000, 2023இல் 1,200. இப்போது வங்கிக் கணக்குக்குப் போகிறது, நல்லதுதான். ஆனால் கைரேகை மிஷினில் அந்தத் தேய்ந்த விரல் விழாமல் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை "சாப்டியாக்கா?" என்று கேட்க வந்த ஆளும் நின்றுபோனான். 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்த வேலையில் கொஞ்சம் பார்க்கிறது: பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, படுத்த ஆளுக்கு பிசியோதெரபியும் உண்டு.

அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் நினைப்பு எனக்கு அடிக்கடி வரும். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். 1976இல், 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். தேனிக் கிளை 1985இல் வந்தது. அவர் மனஉறுதியை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அவர் கைக்குத் தோதாகச் செய்த கத்திதான் பெரிசாகத் தெரிகிறது. அந்த உயரப் படி வீட்டு அக்காவின் காலுக்குத் தோதாக யார் படி கட்டினார்கள்?

எனக்கும் இப்போது முட்டி பேசுகிறது. போன மாதம் கொத்தனாரைப் பிடித்து என் வாசலில் அரைப்படி ஒன்று போட்டேன். மிச்ச சிமெண்டில் அக்கா வீட்டுப் படியோரம் பழைய மோட்டார் பைப்பை நட்டுவிட்டோம். பெருமையாக நின்று பார்த்தேன்.

அக்கா பைப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வலது தோளு தூக்க வராது தம்பி. எறங்கயில எடது பக்கமில்ல வேணும்."

கேட்டிருக்கலாம். மாற்றி நட கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.