வாய் வைத்து உறிஞ்சாதீர்கள்: டீசல் குழாயும் ஒரு பட்டுப் புடவையும்

போன மாதம் சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன். காஞ்சிபுரத்துக்காரனுக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகும்வரை அந்தக் கரையும் எங்கள் மாவட்டம்தான்.

கரையேற்றி வைத்த ஃபைபர் படகு ஒன்றின் டேங்கிலிருந்து ஒரு பையன் கேனுக்கு டீசல் மாற்றிக்கொண்டிருந்தான். குழாயின் ஒரு முனை டேங்கில், மறுமுனை வாயில். "தம்பி, வேண்டாம்பா!" என்று கத்திவிட்டேன். "தினமும் பண்றதுதாண்ணே" என்று சிரித்தான்.

நான் கத்தியதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். கரண்ட் போனால் தறிக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கு. அதற்கு ரேஷன் கிருஷ்ணாயில் கேனில் இருக்கும். 11 வயதில் என் அண்ணன் குழாய் போட்டு உறிஞ்சினான். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. இருமல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார், அம்மாவும் கொடுத்துவிட்டாள். ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் திட்டியது அந்த உப்புத் தண்ணிக்காகத்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், குழாயில் எண்ணெய் எப்படித் தானாக ஓடுகிறது? கொடியில் பட்டுப் புடவையைப் போடுங்கள். ஒரு பக்கம் நீளமாகத் தொங்கினால், அந்தப் பக்கத்து எடை மறுபக்கத்தையும் இழுத்துக்கொண்டு வழுக்கி விழும். சைபனும் அப்படித்தான். டேங்கில் உள்ள எண்ணெய் மட்டத்தைவிடக் குழாயின் வெளிமுனை தாழ்வாக இருந்தால், அந்தப் பக்கத்து எண்ணெய்த் தூண் கனமாகி இழுக்கும். புடவைக்கு நூல் பிடிமானம், எண்ணெய்க்குக் காற்றழுத்தம். டேங்கில் உள்ள எண்ணெயின் மேல் காற்று அழுத்துவதால்தான் தூண் அறுந்துபோகாமல் மேலே ஏறி இறங்குகிறது. தண்ணீரை இப்படி அதிகபட்சம் சுமார் 10 மீட்டர் உயரம் ஏற்றலாம். படகு டேங்குக்கு அரை மீட்டரே போதும்.

2019-இல் அத்திவரதரை வெளியே எடுக்க அனந்தசரஸ் குளத்தின் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தார்களே, ஏன் சைபன் போடவில்லை? குளத்தின் அடிமட்டத்தைவிடத் தாழ்வான இடம் பக்கத்தில் வேண்டும். அது இல்லாமல் எவ்வளவு உறிஞ்சினாலும் ஓடாது.

ஆக, வாய் செய்வது ஒரே வேலைதான்: குழாயை முதல் தடவை நிரப்புவது. 1 மீட்டர் தாழ்வும் 12 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாய் இருந்தால் 20 லிட்டர் கேன் சுமார் 2 நிமிடத்தில் நிறைந்துவிடும். அந்த முதல் மூச்சுக்காக உயிரைப் பணயம் வைப்பானேன்?

டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாம் மெல்லிய எண்ணெய்கள். வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழலுக்குள் நழுவுவதுதான் பெரிய ஆபத்து. சில சொட்டுகளே நுரையீரலில் பரவி, கிருமி எதுவும் இல்லாமலே நிமோனியா போல வீங்கவைக்கும். வாந்தி எடுக்க வைத்தால் அதே எண்ணெய் இரண்டாவது தடவை தொண்டை வழியாக வரும்; நுரையீரலுக்குள் போக இன்னொரு வாய்ப்பு. அதனால்தான் டாக்டர் திட்டினார். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

சரி, வாய் இல்லாமல் எப்படி?

டேங்கின் வாய் அகலமாக இருந்தால் குழாயை முழுக்க எண்ணெய்க்குள் அமுக்கி நிரப்புங்கள். ஒரு முனையைக் கட்டைவிரலால் இறுக்கி மூடி வெளியே எடுத்துக் கேனுக்குள் கொண்டுபோய் விரலை எடுங்கள். உள்முனை எண்ணெய்க்குள்ளேயே இருக்கவேண்டும், அவ்வளவுதான். டேங்கின் வாய் குறுகலாக இருந்தால், அவுட்போர்டு இன்ஜின் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழ் போல ஒன்றைப் பொருத்தி நாலு தடவை அமுக்கினால் போதும். நிறுத்த, கேன் பக்கத்து முனையை டேங்கின் எண்ணெய் மட்டத்துக்கு மேலே தூக்குங்கள்.

பெட்ரோல் என்றால் இன்னும் கவனம். அதன் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடியில் தேங்கி நிற்கும். கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்பவேண்டும். பீடி, செல்போன் பக்கத்தில் கூடாது.

கட்டைவிரல் வித்தையை அந்தப் பையனுக்கு அங்கேயே செய்து காட்டினேன். "கையெல்லாம் டீசல் ஆயிடுச்சேண்ணே" என்றான்.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவிடலாம்பா. நுரையீரலைக் கழுவ முடியாது."